தீயா, நஞ்சா? வீட்டு வாலையைக் கற்பவர் எதற்கு அஞ்ச வேண்டும்

1996 அக்டோபரில் நியூசிலாந்தில் புதிய சுங்க, கலால் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு அல்லாமல் சொந்தக் குடிக்காக ஒருவர் தன் வீட்டிலேயே சாராயம் வடித்துக்கொள்ள அது வழிவிட்டது. உரிமம் வேண்டாம், வரியும் கிடையாது. ஒரு பாட்டிலை விற்றால் குற்றம், அவ்வளவுதான். 2018இல் சட்டத்தைப் புதுப்பித்து எழுதியபோதும் இந்த உரிமையில் யாரும் கைவைக்கவில்லை. இன்று அந்நாட்டில் பீருக்கும் ஒயினுக்கும் சாமான் விற்கும் கடைகளில் சாராயம் வடிக்கும் கலனான வாலையும் அலமாரியில் இருக்கிறது. நான்கு லிட்டர் கொள்ளும் மேசை வாலை முதல், 25 லிட்டர் கொதிகலனும் அதன் மேல் செம்புத் தூணும் கொண்ட பெரிய வாலை வரை, வேண்டியதை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் கேட்பவர் திடுக்கிடுவார். அதில் நியாயம் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயம் குடித்துச் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் 60க்கும் மேற்பட்டோர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பாடை கட்டியதை நாடே பார்த்தது. அப்படியிருக்க, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு வடித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்த ஒரு நாட்டில் இப்படியொரு கொத்துச் சாவு ஏன் நடக்கவில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், வாலையைப் பற்றிய நம் அச்சம் பாதிக்கு மேல் தவறான இடத்தில் நிற்பது புலப்படும். புதிதாகக் கற்க வருபவர் மெத்தனாலை நினைத்து நடுங்குகிறார். பக்கத்தில் எரியும் அடுப்பை மறந்துவிடுகிறார். என் கணிப்பில், வீட்டு வாலையில் ஆளைக் காவு வாங்கக்கூடியவை தீ, அழுத்தம், ஈயம், ஆளில்லாத அறை ஆகிய நான்கும்தான். மெத்தனால் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. அதை விளக்க மெத்தனாலில் இருந்தே தொடங்க வேண்டும்.

மெத்தனால் எங்கிருந்து வருகிறது

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. மெத்தனால் அந்த வழியாகப் பிறப்பதில்லை. பழத்தின் தோலிலும் சதையிலும் பெக்டின் என்றொரு பசைப்பொருள் இருக்கிறது. ஜாம் கெட்டிப்படுவது அதனால்தான். நொதிகள் அந்தப் பெக்டினை உடைக்கும்போது மெத்தனால் பிரிகிறது. ஆகவே வெறும் சர்க்கரையில் போட்ட ஊறலில் மெத்தனால் ஏறக்குறைய இல்லை, தானிய ஊறலில் மிகச் சொற்பம். ஆப்பிள், பேரி, பிளம், திராட்சைச் சக்கை ஆகியவற்றில் கொஞ்சம் கூடும்.

எவ்வளவு கூடும்? ஐரோப்பிய ஒன்றியம் பழச் சாராயங்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு, 100 லிட்டர் தூய ஆல்ககாலுக்கு 1000 கிராம் மெத்தனால். வோட்காவுக்கு 10 கிராம்தான். 1000 என்ற எண் மிரட்டும். கணக்குப் போட்டால், 40 விழுக்காட்டுப் பழச் சாராயம் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 4 கிராம் மெத்தனால். அதே லிட்டரில் 300 கிராமுக்கு மேல் எத்தனால் இருக்கிறது. இந்த விகிதம் முக்கியம். மெத்தனால் அப்படியே கொல்வதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்ற, அது ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. எத்தனாலைக் கையாளுவதும் அதே நொதிதான். இரண்டும் சேர்ந்து வந்தால் அது எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து கைவசம் இல்லாதபோது மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே அளந்து கொடுப்பது இதனால்தான்.

கள்ளக்குறிச்சியில் நடந்தது யாரோ சரியாக வடிக்கத் தெரியாமல் செய்த பிழையல்ல. தொழிற்சாலைக்கென்று தயாராகும் மெத்தனாலைத் தண்ணீர் சேர்த்துப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். அந்தத் திரவத்தில் ஈரலைத் திசைதிருப்பப் போதிய எத்தனால் இல்லை. 2001இல் எஸ்டோனியாவின் பார்னு வட்டாரத்தில் 68 பேர் இறந்ததும், 2012இல் செக் குடியரசில் கடையில் வாங்கிய போலிச் சாராயத்தால் பலர் இறந்ததும் இதே கதைதான். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில், குடிக்க முடியாதபடி செய்வதற்காகத் தொழிற்சாலை ஆல்ககாலில் மெத்தனாலைச் சேர்க்கும்படி அரசே விதித்தது. அதைக் கடத்தி விற்றவர்களிடம் வாங்கிக் குடித்தவர்கள் குருடானார்கள், செத்தார்கள். இந்தச் சாவுகள் எல்லாவற்றிலும் நஞ்சு பீப்பாயில் வந்தது. வாலையில் உண்டாகவில்லை.

கற்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் ஒரு விதி இருக்கிறது: முதலில் வடிவதைக் கொட்டிவிடு, மெத்தனால் போய்விடும். கொட்டச் சொல்வது சரி, காரணம் சரியில்லை. மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸிலும் எத்தனால் 78.3 டிகிரியிலும் கொதிக்கின்றன என்பதால், மெத்தனால் முந்திக்கொண்டு வெளியேறும் என்று நினைக்கிறோம். தனித்தனியாகக் கொதிக்கவைத்தால்தான் அது உண்மை. ஊறலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரோடு மெத்தனால் நன்றாக ஒட்டிக்கொள்கிறது, எத்தனால் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகவே சாதாரண பானை வாலையில் மெத்தனால் முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை பரவலாக வந்துகொண்டே இருக்கும். முதலில் வருவது அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடிக்கும், தொண்டையை அரிக்கும். அதைக் கொட்ட அந்த வாடை ஒன்றே போதும்.

இந்தத் தவறான காரணத்தை நான் பெரிதுபடுத்துவதற்கு ஒரு நோக்கம் உண்டு. முதல் வடியைக் கொட்டினால் மெத்தனால் நீங்கும் என்று நம்புகிறவர், அடுத்து வார்னிஷ் ஸ்பிரிட்டையோ அடுப்பு ஸ்பிரிட்டையோ வாலையில் ஊற்றிச் சுத்தப்படுத்திவிடலாம் என்றும் நம்புவார். அந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும். கலப்பட ஸ்பிரிட்டை வீட்டு வாலை எதனாலும் குடிக்கத் தக்கதாக ஆக்க முடியாது.

மெத்தனால் கலந்ததைக் குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வயிற்றுவலி, வாந்தி, மூச்சுவாங்கல், கண்முன் வெண்பனி கொட்டுவது போன்ற மங்கல் தோன்றும். தூங்கினால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது. டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு லிட்டர், ஒரு சமையலறை

இனி அடுப்புக்கு வருவோம்.

தூய எத்தனாலின் ஆவி 13 டிகிரி வெப்பத்திலேயே பற்றும். 40 விழுக்காட்டுச் சாராயத்துக்கு ஏறத்தாழ 26 டிகிரி, அதாவது நம் ஊரில் எந்த நாளும் இருக்கும் அறை வெப்பம். காற்றில் நூற்றுக்கு 3.3 பங்கு எத்தனால் ஆவி சேர்ந்தாலே அது தீப்பற்றும் கலவை. 19 பங்கைத் தாண்டும் வரை அப்படியே இருக்கும். இந்த எண்கள் தாளில் இருக்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனால் முழுதும் ஆவியானால் அது 400 லிட்டருக்கு மேற்பட்ட வாயு. அதைக் காற்றில் 3.3 பங்காகப் பரப்பினால் ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று பற்றக்கூடியதாகிறது. எட்டடிக்கு ஏழடி, எட்டடி உயரம் உள்ள ஒரு சமையலறையின் மொத்தக் காற்றும் அவ்வளவுதான். வாலையிலிருந்து தப்பிய ஒரே ஒரு லிட்டர், கதவடைத்த ஒரு சமையலறையை முழுசாக வெடிமருந்தாக்கப் போதும்.

இந்த ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. மேலே போகாது, தரையோடு படிந்து ஓடும். உயரத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது என்று ஒருவர் நிம்மதியாக இருக்கையில், ஆவி கதவிடுக்கு வழியே பக்கத்து அறையில் உள்ள கீசரின் சிறுசுடரையோ ஃப்ரிட்ஜின் மோட்டாரையோ எட்டிவிடும். பற்றிய பிறகும் எத்தனால் சுடர் வெளிறிய நீலம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் எரியும்.

2011 ஜூலையில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊரில், தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றுக்குள் திருட்டுத்தனமாக வோட்கா தயாரித்த இடம் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது நஞ்சல்ல, தீ. அங்கே கதவு ஏன் அடைத்திருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒளித்துச் செய்யும் வேலைக்குக் காற்றோட்டம் பகை. வெளிச்சமும் வாடையும் வெளியே போகக் கூடாது என்பதற்காக அடைக்கும் ஒவ்வொரு ஜன்னலும் ஆவியை உள்ளே தேக்குகிறது. சட்டம் அனுமதித்த நாட்டில் வாலையைக் கார் ஷெட்டில் கதவைத் திறந்துவைத்து ஓட்டலாம். நியூசிலாந்துக்காரர் தப்பிப்பதில் இந்தத் திறந்த கதவுக்குப் பெரிய பங்கு உண்டு. எனினும் அங்கும் வீட்டு வாலையால் தீப்பிடித்த செய்திகள் வராமல் இல்லை. சட்டம் திறந்துவிட்ட கதவை மழைக்கும் குளிருக்கும் பயந்து தாமே மூடிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆவி எங்கே தப்புகிறது? மூன்று இடங்களில். முதலாவது, கொதிகலனும் தலைப்பகுதியும் சேரும் இணைப்பு. பழைய செம்பு வாலைகளில் இந்த இடுக்கை மாவுப்பசையால் பூசி அடைப்பார்கள். இன்றைய எஃகு வாலையில் சிலிகான் வளையமும் கிளிப்பும் வரும். வளையம் ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தை இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். கசிவு இருக்கும் இடத்தில் கரண்டி சட்டென்று வேர்க்கும். தண்ணீரை வடிக்கும்போதே இதைச் செய்துபார்த்துவிட்டால், சாராய ஆவி வரும்போது இணைப்பைப் பற்றிக் கவலையில்லை.

இரண்டாவது, குளிர்விப்பான். குழாயில் தண்ணீர் நின்றுபோனாலோ பம்பு ஓய்ந்தாலோ ஆவி திரவமாகாமல் அப்படியே அறைக்குள் வரும். சொட்டுச் சொட்டாக விழுந்தது நின்று, குழாய் வாயில் சூடும் புகைமூட்டமும் தெரிந்தால், அந்த நொடியே சூட்டை நிறுத்த வேண்டும். தொடங்கும்போது முதலில் குளிர்நீர், பிறகு சூடு. முடிக்கும்போது முதலில் சூட்டை அணைத்து, வாலை ஆறிய பிறகே குளிர்நீரை நிறுத்த வேண்டும். இந்த வரிசை கைப்பழக்கமாகிவிட வேண்டும்.

மூன்றாவது, வடிந்ததைப் பிடிக்கும் பாத்திரம். அடுப்புக்குப் பக்கத்திலேயே அகலமான பாத்திரத்தை வைத்து நிரப்புகிறவர்கள் உண்டு. வாய் குறுகிய கண்ணாடி ஜாடியில் பிடித்து, நிரம்ப நிரம்ப மூடி அப்புறப்படுத்துவதே முறை. வாலையில் இருந்து முதலில் வருவது 60, 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டதாகவும் இருக்கும். கை தவறினால் தரையெல்லாம் எரிபொருள்.

கேஸ் அடுப்பா, மின்சாரமா என்ற கேள்விக்கு எனக்குத் தயக்கமில்லை: கற்பவர் மின்சாரத்தைத் தவிர வேறொன்றைத் தொடக் கூடாது. எரியும் சுடரை வைத்துக்கொண்டு கசிவு வராமல் பார்த்துக்கொள்வேன் என்பது, தேர்ந்த கைகளுக்கே கடினம். மின்சாரமும் முழுப் பாதுகாப்பல்ல. ஊறல் மட்டம் ஹீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காய்ந்து சிவக்கும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் வேலை என்பதால் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும். உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தீ எழுந்தபின் வாலையைத் தாண்டிப்போய் எடுக்கும்படி வைத்தால் அது இருந்தும் பயனில்லை.

ஆளில்லாத அறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20 லிட்டர் ஊறலை 2000 வாட் ஹீட்டரில் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். அதுவரை எதுவும் நடப்பதில்லை. அலுத்துப்போய் ஆள் எழுந்து போகிறார். ஆவி குழாய்க்குள் ஏறும் அந்தச் சில நிமிடங்களில்தான் கசிவும் அடைப்பும் முதலில் தெரியவரும். அப்போது அறையில் யாரும் இல்லை. இதே காரணத்தால், வடித்துக்கொண்டே ருசி பார்ப்பதும் கூடாது. போதை ஏறியவரும் அறையில் இல்லாதவரும் வாலைக்கு ஒன்றுதான்.

அடைபட்ட பாத்திரம்

ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1700 லிட்டர். எத்தனை சிறிய வாலையானாலும், அதிலிருந்து வெளிவழி ஒன்று எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. கொதிகலனிலிருந்து குளிர்விப்பான் வழியாகக் குழாயின் வாய் வரை எங்கேயும் வால்வோ மூடியோ அடைப்போ கூடாது. வழி அடைந்த வாலை, வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர்தான்; உள்ளே இருப்பது சாம்பார் அல்ல, எரிபொருள் என்பது மட்டும் வேறுபாடு. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹார்டின் என்ற ஊரில், உரிமம் பெற்று நடந்த ஒரு சிறு வடிசாலையிலேயே வாலை வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார்.

வீட்டில் அடைப்பு பெரும்பாலும் நுரையால் வருகிறது. தானிய ஊறல் பொங்கி எழுந்து, சக்கையோடு குழாயில் ஏறி ஒட்டிக்கொள்ளும். கொதிகலனை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும், ஊறலைத் தெளியவைத்து ஊற்றுவதும், கொதிக்கும் தறுவாயில் சூட்டைத் தணிப்பதும் இதற்காக. வாசனைக்காக மூலிகையோ தோலோ ஆவிப் பாதையில் திணிப்பவர்கள் அது ஊதிப் பெருக்கும் என்பதை நினைப்பதில்லை.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு, அதைப் பலர் அறிய மாட்டார்கள். வேலை முடிந்து சூட்டை அணைத்ததும் உள்ளே உள்ள ஆவி சுருங்கித் திரவமாகிறது. 1700 மறுபடி ஒன்றாகிறது. அப்போது வழியை மூடிவைத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் கொதிகலனை நசுக்கிவிடும். குழாயின் நுனி ஜாடியில் உள்ள சாராயத்துக்குள் மூழ்கியிருந்தால், அந்தச் சாராயம் அப்படியே சூடான கொதிகலனுக்குள் உறிஞ்சப்படும். குழாய் நுனிக்கும் திரவ மட்டத்துக்கும் இடையே எப்போதும் இடைவெளி வேண்டும்.

வெப்பமானியை வைத்து 78 டிகிரியில் நிறுத்தினால் ஆல்ககால் மட்டும் வரும் என்றொரு பேச்சு உலவுகிறது. 10 விழுக்காட்டு ஊறல் கொதிப்பதே ஏறத்தாழ 93 டிகிரியில். ஆல்ககால் குறையக் குறையக் கொதிநிலை 100ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஊறல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வெப்பமானி. அதைப் பார்த்துச் சூட்டைப் பூட்டிவைக்க முடியாது.

ஈயம்

1723இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டமன்றம், ரம் வடிக்கும் வாலைகளில் ஈயத் தலையும் ஈயக் குழாயும் வைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும் வலியும் கைகால் விழுதலும் வந்ததைப் பார்த்து, காரணம் ஈயம்தான் என்று அன்றே கண்டுகொண்டார்கள். 1786இல் பெஞ்சமின் ஃபிராங்கிளின் ஈயத்தின் கேடுகளைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சட்டத்தை நினைவுகூர்ந்தார். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கள்ளச் சாராயம் வடித்தவர்கள் பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்தார்கள். ரேடியேட்டரின் இணைப்புகள் ஈயப் பற்றால் ஆனவை. சூடான சாராய ஆவியும் அதிலுள்ள அமிலங்களும் ஈயத்தைக் கரைத்துக் கொண்டுவந்தன. மெத்தனால் ஒரே இரவில் செய்வதை ஈயம் ஆண்டுக்கணக்கில் செய்கிறது. சிறுநீரகம் கெடும், நரம்பு தளரும். அதை யாரும் சாராயச் சாவு என்று எழுதுவதில்லை.

கடையில் புதிதாக வாங்கும் எஃகு வாலையில் இந்தப் பயம் குறைவு. பழைய சாமான் சந்தையில் அழகுக்காக வாங்கிய செம்பு வாலைதான் ஆபத்து. அது அலங்காரப் பொருளாகவே செய்யப்பட்டிருக்கலாம், இணைப்பில் என்ன பற்றுவைத்தார்கள் என்பது செய்தவருக்கே தெரியும். செம்பு நல்ல உலோகம். ஊறலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துவைத்து நாற்றத்தைக் குறைக்கும். நாகமுலாம் பூசிய வாளி, ஈயம் கலந்த பித்தளைக் குழாய், சாதாரண பிளாஸ்டிக், ரப்பர் டியூப் ஆகியவை சூடான ஆவி படும் இடத்தில் கூடவே கூடாது.

யாரிடம் கற்பது

உலகம் இதைப் பல விதமாகக் கையாண்டிருக்கிறது. நியூசிலாந்து வாலையைக் குடிமக்கள் கையில் கொடுத்துவிட்டது. அமெரிக்கா பீரையும் ஒயினையும் வீட்டில் செய்ய விட்டு, வாலையைக் கூட்டாட்சிச் சட்டத்தால் தடுத்தது. ஐந்தாண்டுச் சிறைவரை தண்டனை உண்டு. 2024 ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது, ஆனால் அந்தத் தீர்ப்பு வழக்குத் தொடுத்தவர்களுக்கே பொருந்துவதாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஐந்து லிட்டர் வரையிலான வாலையை அனுமதியின்றி வைத்திருக்கலாம், அதில் தண்ணீரோ தைலமோ வடிக்கலாம், உரிமமில்லாமல் சாராயம் வடித்தால் குற்றம்.

பிரான்சின் பழைய முறை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது. பழமரம் வைத்திருப்பவர் தன் பழத்தைப் புளிக்கவைத்துக் கொண்டுபோவார். ஊர் ஊராக வாலை வண்டியோடு வரும் தொழில்முறை வடிப்பவர் அதைப் பொதுவிடத்தில் வடித்துக் கொடுப்பார். வரியும் அங்கேயே கணக்காகிவிடும். கற்க விரும்புகிறவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். வாலையின் சத்தம், சொட்டும் வேகம், வாடை மாறும் நேரம் எல்லாம் காதாலும் மூக்காலும் பிடிபடுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் வடிக்கும் குடும்பங்களிலும் இப்படித்தான். செம்புக் கலத்தின் வாயைக் களிமண்ணால் பூசி, வெப்பமானி இல்லாமல், தொட்டும் கேட்டுமே சூட்டை அறிகிறார்கள். நியூசிலாந்துச் சட்டம் உரிமையைக் கொடுத்தது, ஆசானைக் கொடுக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு நிலை தெளிவானது. 1937இன் மதுவிலக்குச் சட்டப்படி ஊறல் போடுவதும், சாராயத்துக்கென வாலை வைத்திருப்பதும் குற்றம். இலங்கையில் கசிப்பு வடிப்பதும் அப்படியே. ஆனால் வாலை நமக்கு அந்நியமானதல்ல. சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் போன்ற மருந்துகள் வாலையில் வடிபவை. நீலகிரியில் தைலம் காய்ச்சுபவர்கள் இலைகளைப் பெரிய கலத்தில் அடைத்துத்தான் வேலை செய்கிறார்கள். தைலமும் பற்றி எரியும், இலையும் குழாயை அடைக்கும். அழுத்தத்தையும் தீயையும் பற்றி மேலே சொன்னதில் ஒன்றுகூட அவர்களுக்குப் பொருந்தாமல் இல்லை.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்து கற்க விரும்புகிறவர் எந்த வரிசையில் போக வேண்டும்? முதலில் வெறும் தண்ணீரை வடிக்க வேண்டும். கசிவு, அடைப்பு, குளிர்நீரின் ஓட்டம், நிறுத்தும் வரிசை எல்லாம் இதிலேயே கைவந்துவிடும். தவறினால் கிடைப்பது நீராவிச் சூடு மட்டுமே. அதுவும் தோலை உரிக்கும், அலட்சியம் வேண்டாம். பிறகு தண்ணீரில் வினிகர் கலந்து ஒருமுறை வடித்து, செம்பிலும் எஃகிலும் ஒட்டியிருக்கும் எண்ணெயும் அழுக்கும் போகும்படி கொட்டிவிட வேண்டும். அதன் பிறகே ஊறல். அந்த முதல் சாராயத்தையும் குடிக்காமல் கொட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். வடித்ததை 20 டிகிரியில் ஆல்ககால்மானியால் அளந்து, 40 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை தண்ணீர் கலக்க வேண்டும். 70 விழுக்காட்டுச் சாராயத்தை அப்படியே குடித்துவிட்டு வாலையைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனாலும் நஞ்சுதான், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, நன்றாக வடித்த சாராயத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆக்லாந்திலோ வெலிங்டனிலோ வாழும் தமிழர் சிலர் இதை வாசிக்கலாம். வாலை வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஒருமுறை என் கண்முன் தண்ணீரை வடித்துக்காட்டி, நிறுத்தியும் காட்டுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.